நம்ம டாக்டருக்கு மருந்து கம்பெனி என்ன குடுத்துச்சுன்னு இந்தியால பாக்க முடியுமா?

நீங்க கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா. வெளில தெரியற கேள்வி இது: அமெரிக்கால டாக்டர் பேர தட்டினா எந்த மருந்து கம்பெனி அவருக்கு எவ்ளோ குடுத்துச்சுன்னு கவர்மென்ட் வெப்சைட்லயே வருது, அதே மாதிரி பெங்களூர் அல்சூர்ல உங்க அம்மா பாக்கற சுகர் டாக்டர் பேர போட்டு பாக்க இங்க வழி இருக்கா. உள்ள இருக்கற கேள்வி: அவர் எழுதறதுல பாதி அவரோட கிளினிக்குக்கு கீழ இருக்கற மெடிக்கல்ல மட்டும்தான் கிடைக்குது, மாசம் 3,000 ரூபா கிட்ட ஆகுது, அப்போ மனுஷன் கமிஷன் வாங்கறாரா. முதல் கேள்விக்கு பதில் ஒரு வார்த்தைதான், முடியாது. ரெண்டாவதுக்கு நானோ வேற யாரோ இங்க உக்காந்துகிட்டு ஆமான்னோ இல்லன்னோ சொன்னா நம்பாதீங்க. ஆனா ஏன் முடியாதுங்கறதுலதான் விஷயமே இருக்கு, அத சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் வரும்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல பேசறவன் எந்த பக்கம் நின்னவன்னு தெரியாம கேக்க கூடாது. பெங்களூர்ல இருபது வருஷமா இருக்கேன். முதல் எட்டு வருஷம் மெடிக்கல் ரெப், சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பூரா என் ஏரியா. அப்புறம் ஏரியா மேனேஜர். இப்ப வேற ஒரு கம்பெனில, மார்க்கெட்டிங்காரங்க போடற பில்லு விதிக்குள்ள இருக்கான்னு பாக்கற வேல. அதாவது முதல்ல குடுத்தவன், இப்ப குடுக்கறவன் கணக்க பாக்கறவன். நான் சுத்தமான ஆளுன்னு சொல்லிக்க வரல. ஹாஸ்பிடல் பர்ச்சேஸ் பக்கம் நான் வேல பாத்ததில்ல, வக்கீலும் இல்ல, அதனால கோர்ட் சமாச்சாரம் எல்லாம் படிச்சு தெரிஞ்சுகிட்டதுதான், ஃபீல்டு சமாச்சாரம் மட்டும் கண்ணால பாத்தது.

அமெரிக்கா கதைலேந்து வரேன், அது தெரிஞ்சாதான் நம்ம ஊர்ல என்ன குறையுதுன்னு புரியும். அங்க கிராஸ்லி, கோல்னு ரெண்டு செனட்டருங்க, ஒருத்தர் ரிபப்ளிகன் ஒருத்தர் டெமாக்ரட், 2007லேந்து இதுக்காக அலைஞ்சாங்க. கிராஸ்லியோட ஆளுங்க பண்ணது ரொம்ப சாதாரணமான வேல. யுனிவர்சிட்டிகிட்ட போய், உங்க டாக்டர் கம்பெனிங்ககிட்ட எவ்ளோ வாங்கினதா உங்ககிட்ட எழுதி குடுத்திருக்காருன்னு கேட்டாங்க. கம்பெனிகிட்ட போய், அதே டாக்டருக்கு நீ எவ்ளோ குடுத்தன்னு கேட்டாங்க. ரெண்டு பேப்பரயும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க, அவ்ளோதான். 2008ல ஹார்வர்டோட ஒரு பெரிய மனநல டாக்டர் விஷயத்துல, ஏழெட்டு வருஷத்துல குறைஞ்சது 16 லட்சம் டாலர் வாங்கினதுல பெரும்பகுதி யுனிவர்சிட்டிக்கு சொல்லப்படவே இல்லன்னு வெளில வந்துச்சு. அந்த மாதிரி ரெண்டு மூணு கேஸ் பேப்பர்ல அடிபட்டதுக்கு அப்புறம்தான், 2010ல ஒபாமா கொண்டு வந்த பெரிய மருத்துவ சட்டத்துக்குள்ள ஒரு பிரிவா, கம்பெனி டாக்டருக்கு குடுக்கறத வெளியிடணும்ங்கற சன்ஷைன் சட்டம் நுழைஞ்சுது. ஓப்பன் பேமென்ட்ஸ்னு அந்த பட்டியல் முதல் தடவ வெளில வந்தது 2014 செப்டம்பர் 30. பத்து டாலர சுத்தி ஒரு வரம்பு வெச்சிருக்காங்க, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும், அதுக்கு மேல போச்சுன்னா ஒரு மதிய சாப்பாடு கூட டாக்டர் பேரு, தேதி, எந்த மருந்துக்காகன்னு எல்லாம் சேர்த்து ஏறிடும். வெளியிடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு 45 நாள் டைம், தப்பா இருந்தா ஆட்சேபிக்கலாம். 2023ம் வருஷ கணக்கு மட்டும் மொத்தம் 1,275 கோடி டாலர் கிட்ட வந்துச்சு. அத பாத்து வாய பொளக்காதீங்க, அதுல பெரிய பங்கு ரிசர்ச்சுக்கு போறது. சாப்பாடு, பயணம், பேச்சு கட்டணம், ராயல்டி மாதிரி நம்ம இப்ப பேசிட்டிருக்கற வகை 330 கோடி டாலர் கிட்ட. பிரான்ஸ்லயும் மீடியேட்டர்னு ஒரு மாத்திரையால பெரிய விபரீதம் ஆகி 2011ல சட்டம் வந்துச்சு. இங்கிலாந்துல கம்பெனிங்க சங்கமே ஒரு பட்டியல் நடத்துது, ஆனா டாக்டர் சம்மதிக்கலன்னா அவர் பேரு வராது, அதனால அது அரைகுறை.

இப்ப நம்ம ஊரு. இங்க சட்டமே இல்லன்னு நிறைய பேரு நினைக்கறாங்க, அப்படி இல்ல. சொல்லப்போனா பேப்பர்ல நம்ம சட்டம் அமெரிக்காவ விட கடுமை. மெடிக்கல் கவுன்சிலோட 2002 நடத்தை விதில 2009 டிசம்பர்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, டாக்டர் மருந்து கம்பெனிகிட்ட கிஃப்ட் வாங்க கூடாது, பயண செலவு வாங்க கூடாது, ஓட்டல் ரூம் கூடாது, பணம் கூடாது. 2016ல அதுக்கு தண்டனை ரேட் கார்டே போட்டாங்க: வாங்கினது 5,000 ரூபா வரைக்கும்னா கண்டிப்பு, 10,000 வரைக்கும் மூணு மாசம் ரிஜிஸ்டர்லேந்து பேர எடுப்பாங்க, 50,000 வரைக்கும் ஆறு மாசம், ஒரு லட்சம் வரைக்கும் ஒரு வருஷம், அதுக்கு மேலன்னா இன்னும் அதிகம். அதே 2016 திருத்தத்துல டாக்டர் சங்கங்கள அந்த விதிலேந்து சத்தமில்லாம வெளில எடுத்துட்டாங்க, அது வேற கதை, கான்ஃபரன்ஸ் ஹால்ல ஏன் இத்தன ஸ்டால்னு கேட்டா பதில் அங்கதான் இருக்கு.

அமெரிக்காக்காரன் சொல்றான், வாங்கிக்கோ, ஆனா ஊருக்கு தெரியும்படி வாங்கு. நம்ம ஆளுங்க சொல்றாங்க, வாங்கவே வாங்காத. கேக்க நம்மளுதுதான் நல்லா இருக்கு. ஆனா வாங்கவே கூடாதுன்னு சொல்லிட்ட அப்புறம், வாங்கினத எழுதி வெளியிடுன்னு எப்படி சொல்வீங்க? மதுவிலக்கு இருக்கற ஊர்ல போய் சாராயக்கடை வரவு செலவு கேட்ட கதைதான். எழுதி குடுத்தா டாக்டர் தன் லைசன்ஸுக்கு தானே வேட்டு வெச்சுக்கற மாதிரி. அதனால பட்டியல்னு ஒண்ணு வரவே வழி இல்லாம போச்சு. நம்ம ஊர்ல வெளிப்படைத்தன்மை இல்லாததுக்கு காரணம் சட்டம் தளர்வா இருக்கறது இல்ல, இந்த தடைதான் அதுக்கு நல்லா மறைப்பு கட்டி குடுத்திருக்குன்னு நான் சொல்லுவேன். என் கூட வேல பாக்கறவங்கள்லயே பாதி பேரு இத ஒத்துக்க மாட்டாங்க, தடைய எடுத்தா இன்னும் மோசமாகும்பாங்க. நானும் எடுக்க சொல்லல. தடையும் இருக்கட்டும், கணக்கும் வேணும்ங்கறேன்.

ஃபீல்டுல என்ன நடக்கும்னு கேட்டீங்கன்னா, டாக்டருக்கு யாரும் கவர் நீட்டிட்டு எழுதுங்கன்னு கெஞ்சறது இல்ல. மாச கடைசில ரெப் மெடிக்கல் கவுன்டர்ல போய் நிப்பான், கடைக்காரர்கிட்ட ஒரு பை-டூ காபி வாங்கி குடுத்துட்டு, மேல இருக்கற டாக்டர்கிட்டேந்து நம்ம பிராண்டு எத்தன ஸ்ட்ரிப் போச்சு, எதிர்க் கம்பெனிது எத்தன போச்சுன்னு எழுதிட்டு வருவான். ஆர்சிபிஏன்னு அதுக்கு பேரு. டாக்டர் எழுதறது அவருக்கும் நோயாளிக்கும் நடுவுல மட்டும் இருக்கற ரகசியம்னு நீங்க நினைச்சிருந்தா, அது தினமும் ராத்திரி எங்க ரிப்போர்ட்ல ஏறிட்டுதான் இருந்துச்சு. நான் மேனேஜரா இருந்தப்ப எங்க எக்செல் ஷீட்ல டாக்டர் பேருக்கு நேரா ஒரு கட்டம் இன்வெஸ்ட்மென்ட், பக்கத்து கட்டம் எக்ஸ்பெக்டட் பிசினஸ். ஃபிரேசர் டவுன்ல ஒரு டாக்டர் கிளினிக்குக்கு ஃபிரிட்ஜ் வாங்கி குடுத்தோம், பில்லு போட்டது ஒரு ஏஜென்சி பேர்ல, தலைப்பு நோயாளி விழிப்புணர்வு முகாம். ஆறு மாசம் கழிச்சு பிசினஸ் வரலன்னு மீட்டிங்ல என்ன நிக்க வெச்சு, அந்த ஃபிரிட்ஜு தண்ணி மட்டும்தான் ஜில்லு பண்ணுதான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் டாக்டர்கிட்ட போய் நின்னேன், ஒண்ணும் கேக்கல, சும்மா நின்னேன், அவருக்கு புரிஞ்சுது. இதத்தான் நான் லஞ்சம்னு சொல்லாம கடன்னு சொல்லுவேன், வாங்கினவங்க திருப்பி குடுத்துட்டே இருப்பாங்க, எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது.

மர்பி டவுன்ல ஒரு வயசான டாக்டரம்மா இருந்தாங்க. நான் பிராண்டு பேரு போட்ட பேனாவ டேபிள் மேல வெச்சா, தம்பி அத எடுத்துட்டு போ, என் பேனா நல்லாதான் எழுதுதுன்னுவாங்க. மருந்த பத்தி கேப்பாங்க, சைடு எஃபெக்ட் கேப்பாங்க, ரெண்டு நிமிஷம் உக்கார வெச்சு தண்ணி குடுப்பாங்க. நாங்க அவங்கள என்ன பண்ணோம்னா லிஸ்ட்ல கடைசி வகைக்கு தள்ளிட்டோம், வருஷத்துக்கு நாலு தடவ பாத்தா போதும்னு. அவங்கள பத்தி அப்புறம் திரும்ப வரேன்.

இப்ப வரி கணக்கு, இதுலதான் உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு. 2012 ஆகஸ்ட்ல வருமான வரி போர்டு ஒரு சர்க்குலர் போட்டுச்சு, டாக்டருக்கு குடுக்க கூடாதத குடுத்துட்டு அத கம்பெனி செலவுன்னு காட்டி வரி குறைக்க முடியாதுன்னு. இத எதிர்த்து சென்னை கம்பெனி அபெக்ஸ் லேபரட்டரீஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, ஜின்கோவிட்னு அவங்க சத்து மாத்திரை பத்தி விழிப்புணர்வு உண்டாக்க டாக்டர்களுக்கு குடுத்த இலவசங்கள், 4 கோடியே 72 லட்சம் ரூபா விவகாரம். 2022 பிப்ரவரி 22ல நீதிபதிகள் லலித், ரவீந்திர பட் ரெண்டு பேரும் கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு குடுத்தாங்க. வாங்கறது டாக்டருக்கு தப்பு, குடுக்கறது எங்களுக்கு தப்புன்னு எங்கயும் எழுதலயேன்னு கம்பெனி வாதம். வாங்கறது தப்புன்னா குடுக்கறவன் மட்டும் எப்படி உத்தமன்னு கோர்ட் கேட்டுச்சு. அத விட முக்கியமா, இந்த இலவசம் எல்லாம் உண்மைல இலவசமே இல்ல, மருந்து விலைல சேர்ந்து நோயாளி தலைல தான் விழுதுன்னும் சொன்னாங்க. உங்க அம்மாவோட 3,000ல ஒரு துண்டு அந்த வகைன்னு வெச்சுக்கோங்க, எவ்ளோ துண்டுன்னு மட்டும் என்ன கேக்காதீங்க.

அதே 2022 ஜூலை 1லேந்து இன்னொண்ணு வந்துச்சு, வருமான வரி சட்டத்துல 194ஆர்ங்கற பிரிவு. தொழில் பண்ற யாருக்காவது ஒரு கம்பெனி வருஷத்துக்கு 20,000 ரூபாக்கு மேல பொருளாவோ சலுகையாவோ குடுத்தா 10 பர்சென்ட் டிடிஎஸ், அதாவது வரிய முன்கூட்டியே புடிச்சு கட்டணும். அந்த விளக்க சர்க்குலர்லயே டாக்டருக்கு குடுக்கற இலவச சாம்பிள உதாரணமா போட்டிருக்காங்க. டாக்டர் ஹாஸ்பிடல்ல சம்பளத்துக்கு இருந்தா ஹாஸ்பிடல் கணக்குல புடிக்கணுமாம். இத கொஞ்சம் யோசிச்சு பாருங்க. கவர்மென்ட்ல ஒரு ஆபீஸ் வாங்காதங்குது, இன்னொரு ஆபீஸ் வாங்கினா பத்து பர்சென்ட் எனக்கு கட்டுங்குது. அத விட பெரிய வேடிக்க, இந்த டிடிஎஸ் கட்டணும்னா கம்பெனி டாக்டரோட பான் நம்பர போட்டு ரிட்டர்ன் பைல் பண்ணணும், அது டாக்டரோட 26ஏஎஸ்ல, அதாவது அவர் பேர்ல புடிச்ச வரி எல்லாம் காட்டற வரி ஆபீஸ் அறிக்கைல, கம்பெனி பேரோட தொகையோட வந்து உக்காரும். நான் இப்ப பாக்கற வேலைலயே அந்த ஃபைல் வருஷத்துக்கு நாலு தடவ என் டேபிள தாண்டி போகுது. அதாவது நீங்க கேக்கற பட்டியல் இந்தியால இல்லாம இல்ல. குறைஞ்சது ஒரு பகுதி இருக்கு. கம்பெனிக்கு தெரியும், வருமான வரி ஆபீசுக்கு தெரியும், டாக்டருக்கும் தெரியும். மாத்திரை முழுங்கறவங்களுக்கு மட்டும் தெரியாது. ஆர்டிஐல கேட்டாலும் தனிநபர் தகவல்னு கதவ சாத்திடுவாங்க. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, நேர்மையா புக்குல எழுதினதுதான் அதுல வரும். என் ஃபிரிட்ஜு மாதிரி ஏஜென்சி பேர்ல, ஸ்டாக்கிஸ்ட் வழியா, கிரெடிட் கார்டு தேச்சு போனது எந்த பான் நம்பர்லயும் ஏறாது.

நீங்க டோலோன்ற காய்ச்சல் மாத்திரை பத்தியும் ஒரு வரி எழுதியிருந்தீங்க, 1,000 கோடி குடுத்து எழுத வெச்சாங்கன்னு. அத கொஞ்சம் பிரிச்சு பாக்கணும், ஏன்னா நம்ம ஊர் கம்பெனி, பெங்களூர்ல எல்லாரும் வாய்க்கு வந்தத பேசறாங்க. நடந்தது நிச்சயமா இவ்ளோ: 2022 ஜூலைல டோலோ தயாரிக்கற மைக்ரோ லேப்ஸ்ல வருமான வரி ரெய்டு நடந்துச்சு, அப்புறம் வரி போர்டு கம்பெனி பேர சொல்லாம ஒரு பெங்களூர் மருந்து குழுமத்த பத்தி அறிக்கை விட்டுச்சு, இலவசங்கள் சுமார் 1,000 கோடின்னு மதிப்பீடு இருக்குன்னு. ஆகஸ்ட்ல மெடிக்கல் ரெப்புங்க சங்க கூட்டமைப்பு போட்ட பொதுநல வழக்குல அவங்க வக்கீல் டோலோ பேர சொல்லி இந்த 1,000 கோடிய சொன்னாரு, நீதிபதி சந்திரசூட் எனக்கு கோவிட் வந்தப்ப எனக்கும் இதத்தான் எழுதி குடுத்தாங்கன்னாரு, அடுத்த நாள் ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனா வரி போர்டு சொன்னது மொத்த குழுமத்த பத்தி, ஒரே மாத்திரைய பத்தி இல்ல. கம்பெனி இத மறுத்துச்சு, கோவிட் உச்சத்துல இருந்த வருஷத்துல கூட அந்த பிராண்டு விற்பனையே 350 கோடி கிட்டதான், அதுக்கு 1,000 கோடி எப்படி செலவு பண்ணுவோம்னு கேட்டாங்க. அந்த கணக்குல நியாயம் இருக்கு. அதனால ரெய்டு நிச்சயம், மதிப்பீடு வரி போர்டோடது, ஒரு பிராண்டுக்கு 1,000 கோடிங்கறது வாயால வளந்தது. நம்மகிட்ட பட்டியல் இருந்திருந்தா இந்த வதந்திக்கே வேல இருந்திருக்காது, கம்பெனிக்கும் அது நல்லதா இருந்திருக்கும்.

2024 மார்ச்ல யுசிபிஎம்பின்னு மருந்து கம்பெனிங்க மார்க்கெட்டிங்குக்கு புது விதிமுறை வந்துச்சு, மத்திய கவர்மென்ட்டோட மருந்து துறை போட்டது. இதுக்கு முன்னாடி 2015லேந்து இருந்தது சும்மா பேருக்கு. புதுசுல கம்பெனி தலைவரே வருஷா வருஷம் விதிப்படி நடந்தோம்னு கையெழுத்து போடணும், சாம்பிள் மதிப்பு உள்நாட்டு விற்பனைல 2 பர்சென்ட்டுக்கு மேல போக கூடாது, பிராண்டு பேரு போட்ட சாமான் ஒண்ணு 1,000 ரூபாக்கு மேல கூடாது, வெளிநாட்டுல மீட்டிங் வெக்க கூடாது, டாக்டர் பேச்சாளரா வந்தா ஒழிய டிக்கெட் குடுக்க கூடாது. அந்த பேச்சாளர், ஆலோசகர்ங்கற ஓட்டை மட்டும் லாரியே போற அளவுக்கு பெருசு, அத அடைக்கறதுதான் என் தினசரி தலைவலி. எதிர்ல பத்து பேரு உக்காந்து பிரியாணி சாப்பிட, ஒருத்தர் இருபது நிமிஷம் ஸ்லைடு ஓட்டினா அவர் பேச்சாளர்.

அந்த விதில புடிபட்ட பெரிய கேஸ் அப்வி கம்பெனி. 30 டாக்டர்கள மொனாக்கோவுக்கும் பாரிசுக்கும் அழைச்சுட்டு போனதுக்கு 1.91 கோடி ரூபா செலவு பண்ணாங்கன்னு, 2024 கடைசில துறையோட கமிட்டி கண்டிப்பு குடுத்துச்சு, டாக்டர்கள் மேல நடவடிக்கை எடுக்க சொல்லி, பழைய மெடிக்கல் கவுன்சிலுக்கு பதிலா வந்த மெடிக்கல் கமிஷனுக்கும் எழுதினாங்க. கம்பெனி பேரு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அந்த 30 டாக்டர்கள் பேரு நான் படிச்ச ஒரு செய்திலயும் இல்ல. உங்க கேள்விக்கு இத விட நல்ல உதாரணம் என்கிட்ட கிடையாது. அதே மெடிக்கல் கமிஷன் 2023 ஆகஸ்ட் 2ல புது நடத்தை விதி வெளியிட்டுச்சு, கம்பெனி காசுல நடக்கற கான்ஃபரன்சுக்கே போக கூடாது, பிராண்டு இல்லாம ஜெனரிக் பேரு, அதாவது மூலப்பொருள் பேருதான் எழுதணும்னு. டாக்டர் சங்கங்க கொதிச்சு எழுந்தாங்க, 21 நாள்ல, ஆகஸ்ட் 23, நிறுத்தி வெச்சிட்டாங்க. அதனால இன்னிக்கும் பழைய 2002 விதிதான் ஓடுது.

சரி, பட்டியல் வந்தா மட்டும் எல்லாம் மாறிடுமா? இங்க நான் கொஞ்சம் ஜாக்கிரதையா பேசறேன். அமெரிக்கா பட்டியல வெச்சு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு, 2,79,669 டாக்டர்கள் கணக்கு, சராசரி 20 டாலர் கூட வராத ஒரே ஒரு சாப்பாடு வாங்கினவங்க கூட அந்த கம்பெனியோட பிராண்டு மாத்திரைய மத்தவங்கள விட அதிகமா எழுதினாங்க. நாலு மருந்துல பாத்தாங்க, நாலுலயும் அப்படித்தான், சாப்பாடு கூட கூட எழுதறதும் கூடுச்சு. சாப்பாடு போட்டதாலதான் எழுதினாங்களா, இல்ல ஏற்கனவே எழுதறவங்களுக்குதான் சாப்பாடு போட்டாங்களான்னு அந்த ஆய்வால தனியா பிரிச்சு சொல்ல முடியாது, அவங்களே அத ஒத்துக்கறாங்க. ஆனா இந்த தொழில்ல இருந்தவனா சொல்றேன், ரெண்டும்தான், கோழியும் முட்டையும் மாதிரி. இன்னொரு பக்கம், 2017ல வந்த ஒரு சர்வேல, 65 பர்சென்ட் நோயாளிங்க முந்தின ஒரு வருஷத்துல பணம் வாங்கின டாக்டர்கிட்டதான் போயிருக்காங்க, ஆனா தன் டாக்டர் வாங்கினாரா இல்லயான்னு தெரிஞ்சவங்க 5 பர்சென்ட். நோயாளி யாரும் அத பாக்கறது இல்ல. காய்ச்சல்ல கிடக்கறவன் வெப்சைட் தேடுவானா.

அப்போ எதுக்கு பட்டியல்? பத்திரிகைக்காரன் பாப்பான், ஆராய்ச்சி பண்றவன் பாப்பான், மெடிக்கல் காலேஜ் பாக்கும், முக்கியமா பக்கத்து கிளினிக் டாக்டர் பாப்பாரு. மர்பி டவுன் டாக்டரம்மா மாதிரி ஆளுங்க பேருக்கு நேரா பூஜ்யம்னு வரும். அந்த பூஜ்யத்துக்கு இன்னிக்கு எங்கயும் மரியாதை இல்ல, எங்க லிஸ்ட்ல அது கடைசி வகை, அவ்ளோதான். வாங்காதவங்களும் வாங்கறவங்களும் வெளிலேந்து பாக்க ஒரே மாதிரி இருக்கறதுதான் இதுல பெரிய அநியாயம்னு எனக்கு தோணுது, உங்க சந்தேகத்துல உங்க டாக்டர் நல்லவரா இருந்தாலும் சேர்ந்துதான அடிபடறாரு.

அதனால உங்க அம்மா சீட்டுக்கு வரேன். கீழ் மெடிக்கல்ல மட்டும் கிடைக்கறது சந்தேகத்துக்கு இடம் குடுக்குது, ஆனா ஆதாரம் ஆகாது. சின்ன கம்பெனிங்க எல்லா கடைக்கும் சரக்கு போட முடியாது, எழுதற டாக்டர் பக்கத்துல ஒரு கடைல மட்டும் போடுவாங்க, அது சாதாரணம். ஆனா பிசிடின்னு ஒரு ரகம் இருக்கு, கடைக்கு அடிமாட்டு ரேட்டுக்கு போட்டு மேல எம்ஆர்பி பெருசா அச்சடிச்சிருப்பாங்க, நடுவுல இருக்கற இடைவெளி யார் யாருக்கு போகுதுன்னு வெளில தெரியாது. பெரிய ஹாஸ்பிடல்ங்க உள்ள இருக்கற பார்மசிலயும் இதே கதைதான், 2018ல விலை கட்டுப்பாட்டு ஆணையம் டெல்லி சுத்துவட்டாரத்துல நாலு பிரைவேட் ஹாஸ்பிடல் பில்ல பாத்தப்ப, சில சாமான்ல லாபம் 1,737 பர்சென்ட் வரைக்கும் போயிருந்துச்சு. அதுல டாக்டருக்கு பேனா கூட போயிருக்காது, லாபம் பூரா கட்டடத்துக்கு. டாக்டர்-கம்பெனி பட்டியல் வந்தா கூட இது அதுல வராது.

நீங்க செய்யக்கூடியது என்னன்னா, முதல்ல அந்த சீட்டுல சுகர் மாத்திரைய விட்டுட்டு கூட வர்ற நரம்பு வைட்டமின், கால்சியம், சத்து மாத்திரைங்கள பாருங்க. என் அனுபவத்துல சுகர் மாத்திரைல போட்டி அதிகம், விலைய ரொம்ப ஏத்த முடியாது, பணம் விளையாடறது இந்த கூட வர்றதுலதான். ஸ்ட்ரிப்ப திருப்பி பாருங்க, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) நம்பரும், மருந்தா பயன்படுத்தறதுக்கு இல்லங்கற வரியும் இருந்தா அது சட்டப்படி மருந்தே இல்ல, உணவு. அதுக்கு மருந்து விலை கட்டுப்பாடு கிடையாது. அப்புறம் சுகர் மாத்திரை அட்டைல சின்ன எழுத்துல இருக்கற மூலப்பொருள் பேரும் மில்லிகிராமும் எழுதி வெச்சுக்கோங்க, அதே பொருள் வேற கம்பெனில, கவர்மென்ட்டோட ஜன் ஔஷதி ஜெனரிக் கடைல என்ன விலைன்னு பாருங்க. ஆனா கடைக்காரர மாத்தி குடுக்க சொல்லாதீங்க, சீட்டுல எழுதின பிராண்ட அவரா மாத்தி குடுக்க சட்டத்துல இடம் இல்ல, நீங்களாவும் நிறுத்தாதீங்க, சுகர் விளையாட்டு இல்ல. அடுத்த தடவ போறப்ப டாக்டர்கிட்டயே கேளுங்க, குத்தம் சொல்ற மாதிரி இல்லாம: டாக்டர், செலவு கட்டுப்படியாகல, இதே பொருள் வேற கம்பெனில வாங்கலாமா, ஜெனரிக் பேர கேபிடல் லெட்டர்ல எழுதி தரீங்களா, இந்த வைட்டமின் எத்தன மாசத்துக்கு. ஜெனரிக் பேர தெளிவா, முடிஞ்சா கேபிடல்ல எழுதணும்ங்கறது பழைய விதிலயே 2016லேந்து இருக்கு, அதனால நீங்க கேக்கறது ஒண்ணும் அதிகப்பிரசங்கித்தனம் இல்ல. நல்ல டாக்டரா இருந்தா பாதி பேரு உடனே எழுதி குடுத்துடுவாங்க, சில பேரு இந்த கம்பெனிதான் வேணும், காரணம் இதுன்னு சொல்லுவாங்க, அந்த காரணம் நியாயமாவே இருக்கலாம், எல்லா கம்பெனி தரமும் ஒண்ணுன்னு நானும் சொல்ல மாட்டேன். காரணமே சொல்லாம கோவப்பட்டா அப்ப வேற டாக்டர் பாருங்க, அல்சூர்ல பஞ்சமில்ல. கையில நிஜமாவே ஆதாரம் இருந்தா, டூர் டிக்கெட்டோ பில்லோ, கம்பெனி எந்த சங்கத்துல இருக்கோ அந்த சங்கத்தோட நெறிமுறை கமிட்டிக்கு மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கலாம், 1,000 ரூபா கட்டணம், திரும்பி வராது. டாக்டர் மேலன்னா கர்நாடகா மெடிக்கல் கவுன்சில். வெறும் சந்தேகத்த வெச்சுகிட்டு ரெண்டுக்கும் போகாதீங்க. அந்த ஸ்ட்ரிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு இங்க டைப் பண்ணி போடுங்க, டாக்டர் பேரும் கடை பேரும் வேணாம், எந்த வகை சரக்குன்னு என்னால முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.